சினாட்ரா பாடிய பாட்டை இன்னொருவர் ஏன் பாட வேண்டும்?

கேள்வி இது: “மேற்கத்திய பாப் பாடகர்கள் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று 1930, 40களின் பாட்டுகளை எடுத்து ஒரு முழு ஆல்பம் பாடுகிறார்கள். சொந்தச் சரக்கு தீர்ந்துவிட்டதா? அந்தக் காலத்துப் பெரிய அமெரிக்கப் பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடி முடித்ததை இன்னொருவர் பாடி என்ன ஆகப்போகிறது? அப்படி வந்தவற்றில் எது தேறும்?”

மூன்றுக்கும் ஒரே ஆல்பத்தை வைத்துப் பதில் சொல்கிறேன். 1983 செப்டம்பரில் வந்த, அமெரிக்க ராக் பாடகி லிண்டா ரான்ஸ்டட்டின் ‘வாட்ஸ் நியூ’. மற்ற ஆல்பங்களைப் போகிற போக்கில் தொட்டுக்கொள்ளலாம். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால், எந்தக் கவர் ஆல்பம், அதாவது மற்றவர் பாட்டுகளைத் திரும்பப் பாடிய ஆல்பம், நிற்கும், எது நிற்காது என்பது காதுக்கே தெரிந்துவிடும்.

முதலில் அந்தச் ‘சரக்கு தீர்ந்துவிட்டதா’ என்ற சந்தேகம். ரான்ஸ்டட் விஷயத்தில் அது சுத்தமாகப் பொருந்தாது. அவர் எப்போதுமே பாட்டு எழுதுகிறவராக அறியப்பட்டவர் இல்லை. அரிசோனா மாநிலத்து டூசானில் 1946இல் பிறந்தவர். 1974இல் வந்த ‘ஹார்ட் லைக் எ வீல்’ ஆல்பத்திலிருந்து அடுத்த ஏழெட்டு வருடம் அமெரிக்க ராக் உலகின் பெரிய பெண் குரல் அவருடையதுதான். அந்தப் புகழைக் கொண்டுவந்த ‘யூ ஆர் நோ குட்’, ‘ப்ளூ பாயூ’ எல்லாமே முன்பு வேறு யாரோ பாடியவை. அடுத்தவர் எழுதிய பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, அது தனக்காகவே எழுதப்பட்டது என்று நம்ப வைப்பதுதான் அவருடைய தொழிலே. ஆகவே பழைய பாட்டுகளின் பக்கம் அவர் போனதில் அதிசயம் இல்லை. எவ்வளவு பழைய பாட்டுகள், எப்போது போனார் என்பதில்தான் அதிசயம்.

36 வயதில், ஸ்டேடியங்களை நிரப்பிக்கொண்டிருந்த நேரத்தில் போனார். அவருடைய ரெக்கார்டு கம்பெனித் தலைவர் ஜோ ஸ்மித் வேண்டாம் என்று கெஞ்சிப் பார்த்தார். கம்பெனியின் கணக்கு தப்பானதும் இல்லை. பீட்டில்ஸ் வந்த பிறகு, தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுகிறவனே உண்மையான கலைஞன் என்ற எண்ணம் இளைஞர்களிடம் ஊறிப்போயிருந்தது. அப்பா அம்மா கேட்ட பாட்டை எடுத்துப் பாடுவது அந்தத் தலைமுறைக்கு எதிரணியில் போய்ச் சேர்ந்ததுபோல. கேட்பவர்கள் விட்டுப் போய்விட்டால் திரும்பி வரமாட்டார்கள் என்று கம்பெனி பயந்தது.

அதற்கு முன்னால் ஒரு முயற்சி நடந்து, தோற்றும் இருந்தது. 1981 வாக்கில் பெரிய தயாரிப்பாளரான ஜெர்ரி வெக்ஸ்லரோடு, சின்ன ஜாஸ் குழுவை வைத்து இதே மாதிரிப் பாட்டுகளைப் பதிவு செய்தார் ரான்ஸ்டட். பியானோவில் டாமி ஃபிளானகன். ‘எல்லா’ என்ற பெயர்கொண்ட ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வருடக்கணக்கில் வாசித்தவர் அவர். ஆள் தேர்வில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வந்த பதிவு ரான்ஸ்டட்டுக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆல்பம் வெளிவரவே இல்லை.

ஏன் சரிவரவில்லை என்பதற்கு என் விளக்கம் இது. சின்ன ஜாஸ் குழுவோடு பாட வேண்டுமென்றால், பாடகர் மெட்டை வளைக்க வேண்டும். சுரங்களைத் தள்ளிப்போட்டு, முன்னால் இழுத்து, விளையாட வேண்டும். ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடே செய்தது அதைத்தான். ரான்ஸ்டட்டின் குரல் அப்படிப்பட்டது இல்லை. அது நேராக, முழுசாக, எழுதிய சுரத்தில் போய் நிற்கிற குரல். ராக்கில் அதைத் தாங்க கிட்டாரும் டிரம்ஸும் இருந்தன. பழைய பாட்டில் அந்த நேர்க்குரலைத் தாங்க வேறு ஏதாவது வேண்டும். அதைத் தேடித்தான் அவர் நெல்சன் ரிடில் என்ற அரேஞ்சரிடம், அதாவது பாட்டுக்கு வாத்திய அமைப்பு எழுதுகிறவரிடம், போனார்.

தமிழில் பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே கொஞ்சம் விளக்கம் வேண்டும். நமக்குச் சினிமாப் பாட்டு என்பது இசையமைப்பாளர், வாத்தியச் சேர்க்கை, பாடியவர் எல்லாம் ஒன்றாக உறைந்த ஒரு ரெக்கார்டு. அதில் குரலை மட்டும் மாற்றினால் நகல் என்கிறோம். அமெரிக்காவின் ‘ஸ்டாண்டர்டு’ பாட்டுகள் அப்படிப் பிறந்தவை இல்லை. 1920 முதல் 50 வரை ஜார்ஜ் கெர்ஷ்வின், இர்விங் பெர்லின், கோல் போர்ட்டர், ஜெரோம் கெர்ன் போன்றவர்கள் நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களுக்கும் ஹாலிவுட் படங்களுக்கும் எழுதிய பாட்டுகள் அச்சிட்ட இசைத்தாளாக வெளிவந்தன. மெட்டும் வரிகளும் தாளில் இருக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாடலாம். ஒரே வருடத்தில் நான்கைந்து குழுக்கள் ஒரே பாட்டைப் பதிவு செய்து, நான்கும் விற்றதுண்டு. நம்மூரில் இதற்குச் சமமானது கச்சேரி மேடைதான். ஒரு தியாகராஜ கீர்த்தனையை அரியக்குடி பாடினார் என்பதற்காக செம்மங்குடி பாடக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. எப்படிப் பாடினார் என்றுதான் பேசினார்கள்.

ஆகவே ‘சினாட்ரா பாடி முடித்தது’ என்ற பேச்சே இந்தப் பாட்டுகளுக்குச் சரிவராது. சினாட்ராவே அவற்றுக்கு இரண்டாவது, ஐந்தாவது, பத்தாவது ஆளாக வந்தவர். ‘ஐ’வ் காட் எ க்ரஷ் ஆன் யூ’ என்ற கெர்ஷ்வின் பாட்டு 1928இல் ஒரு நாடகத்துக்காக எழுதப்பட்டபோது துள்ளலான வேகப்பாட்டு. 1939இல் லீ வைலி என்ற பாடகி அதை மெதுவாக, மனசுக்குள் பேசுவதுபோலப் பாடிப் பதிவு செய்தார். வரிகளை எழுதிய ஐரா கெர்ஷ்வினுக்கு அது முதலில் ஒட்டவில்லை. பிறகு அதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார். இன்று உலகம் அந்தப் பாட்டைக் காதல் தாலாட்டாகத்தான் அறிந்திருக்கிறது. அதாவது, பின்னால் பாடிய ஒருவர் அந்தப் பாட்டின் குணத்தையே மாற்றினார். ‘சம்ஒன் டு வாட்ச் ஓவர் மீ’ பாட்டும் அப்படித்தான். 1926இல் ‘ஓ, கே!’ நாடகத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வின் முதலில் அதை வேகமான மெட்டாகத்தான் வைத்திருந்தார். ஒருநாள் தற்செயலாக மெதுவாக வாசித்தபோதுதான் அதற்குள் இருந்த ஏக்கம் வெளியே வந்தது.

இந்த இரண்டு பாட்டுமே ரான்ஸ்டட்டின் ஆல்பத்தில் உண்டு. மொத்தம் ஒன்பதே பாட்டு. பெர்லினின் ‘வாட்’ல் ஐ டூ’, பில்லி ஹாலிடேயின் பெயரோடு ஒட்டிப்போன ‘லவர் மேன்’, ‘கிரேஸி ஹி கால்ஸ் மீ’ எல்லாம் இருக்கின்றன. ‘கெஸ் ஐ’ல் ஹேங் மை டியர்ஸ் அவுட் டு டிரை’ என்ற பாட்டுக்கு ஒரு தனிக் கதை. அது எழுதப்பட்ட 1944ஆம் வருடத்து நாடகம் பிராட்வேக்கு வந்து சேரவே இல்லை. வெளியூர் ஒத்திகைக் காட்சிகளோடு மூடிவிட்டார்கள். பாட்டு மட்டும் தப்பித்தது. அதைக் காப்பாற்றியது அடுத்தடுத்துப் பாடியவர்கள்தான்.

சரி, ரிடிலுக்கு வருவோம். 1921இல் பிறந்தவர், டிராம்போன் வாசித்துத் தொடங்கியவர், டாமி டார்சியின் குழுவில் இருந்தவர். நாட் கிங் கோலின் ‘மோனா லிசா’, ‘அன்ஃபர்கெட்டபிள்’ பாட்டுகளின் வாத்திய அமைப்பு இவருடையது. 1953இல் சினாட்ரா கேப்பிட்டல் ரெக்கார்டு கம்பெனிக்கு வந்தபோது அவர் கையில் மார்க்கெட் இல்லை. விழுந்து கிடந்த நேரம். அவரைத் திரும்ப நிமிர்த்திய ஆல்பங்களில் பெரும்பங்கு ரிடிலுடையது. ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ 1955, ‘சாங்ஸ் ஃபார் ஸ்விங்கிங் லவர்ஸ்’ 1956, ‘ஒன்லி தி லோன்லி’ 1958. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடிய கெர்ஷ்வின் தொகுப்புக்கும் இவர்தான் அரேஞ்சர். ஆனால் 1970களில் இந்த இசைக்கே மவுசு போய்விட்டது. ‘தி கிரேட் கேட்ஸ்பி’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கினார் என்றாலும், பாடகர்களுக்குப் பெரிய ஆர்கெஸ்ட்ரா வைத்து எழுதும் அவருடைய முதல் தொழில் கிட்டத்தட்ட நின்றே போயிருந்தது.

ரான்ஸ்டட் தரப்பிலிருந்து கேட்டது என்னவோ ஓரிரு பாட்டுக்குத்தான். ரிடிலின் பதில் பிரசித்தம்: ஒன்றிரண்டு பாட்டுக்கு எழுத மாட்டேன், ஆல்பம் என்றால் முழு ஆல்பம். இந்தப் பிடிவாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்பேன். கவர் ஆல்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. 1970இல் பீட்டில்ஸ் டிரம்ஸ்காரர் ரிங்கோ ஸ்டார் ‘சென்டிமென்டல் ஜர்னி’ என்று ஒரு ஆல்பம் செய்தார். அம்மாவுக்குப் பிடித்த பாட்டுகள், தயாரிப்பு ஜார்ஜ் மார்ட்டின். எண்ணம் அருமை. ஆனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு அரேஞ்சர்: குயின்சி ஜோன்ஸ் ஒன்று, பால் மெக்கார்ட்னி ஒன்று, மாரிஸ் கிப் ஒன்று என்று. கேட்டால் ஒரு ஆல்பம் என்று தோன்றாது. வேறு வேறு அறைகளில் ஒரே ஆள் மாறி மாறி நிற்பதுதான் கேட்கும்.

இப்போது ஒரு பாட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஆல்பத்தின் தலைப்புப் பாட்டு, ‘வாட்ஸ் நியூ’.

இது பிறந்தது பாட்டாக இல்லை. 1938இல் பாப் க்ராஸ்பி குழுவில் பாஸ் வாசித்த பாப் ஹேகார்ட், தன் குழுவின் டிரம்பெட் கலைஞர் பில்லி பட்டர்ஃபீல்டுக்காக எழுதிய வாத்திய மெட்டு. அடுத்த வருடம் ஜானி பர்க் வரிகள் போட்டார். டிரம்பெட்டுக்காக எழுதியதால் மெட்டு தொண்டையைப் பற்றிக் கவலைப்படாமல் ஏறி இறங்குகிறது. வடிவம் சாதாரணமானதுதான்: எட்டு எட்டு ‘பார்’ (தாளச் சுற்று) ஆக நான்கு பகுதி, மொத்தம் 32 பார். முதல் எட்டு, அதே மெட்டில் இரண்டாவது எட்டு, நடுவில் ஒரு மாற்றம், கடைசியில் திரும்ப முதல் மெட்டு. நடுவில் வருகிற பகுதிக்கு மற்ற பாட்டுகளில் புது மெட்டு இருக்கும். ஹேகார்ட் அங்கே ஒரு காரியம் செய்தார். அதே முதல் மெட்டையே நான்காம் சுரத்துக்குத் தூக்கி, மேல் ஸ்தாயியில் திரும்ப வைத்துவிட்டார். ஆகவே பாட்டு முழுக்க ஒரே வாக்கியத்தை ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். நடுவில் ஒருமுறை குரல் உயர்ந்துவிடுகிறது.

வரிகள் அதற்கு அச்சாகப் பொருந்துகின்றன. பழைய காதலனை எங்கேயோ தற்செயலாகச் சந்திக்கிறாள். எப்படி இருக்கிறாய், ஆள் மாறவே இல்லையே என்று சாதாரணமாக விசாரிக்கிறாள். அவன் பதில் எதுவும் நமக்குக் கேட்பதில்லை. நாம் கேட்பது அவள் பேச்சை மட்டும். பேசப் பேச அந்தச் சாதாரணம் கழன்றுகொண்டே வருகிறது. அவனுக்குச் சலிப்பாக இருக்கும் என்று தெரிந்து மன்னிப்புக் கேட்கிறாள். கடைசி வரியில்தான், தான் இன்னும் மாறவில்லை, இன்னும் காதலிக்கிறேன் என்பது வெளியே வருகிறது. அதுவும் அவனிடம் சொன்னாளா, மனசுக்குள் சொல்லிக்கொண்டாளா என்று தெளிவாகச் சொல்ல முடியாதபடி.

இதை ரிடில் 1958இல் சினாட்ராவுக்காக ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டார். ‘ஒன்லி தி லோன்லி’ ஆல்பத்தில் இருக்கிறது. ‘வாட்ஸ் நியூ’, ‘கெஸ் ஐ’ல் ஹேங் மை டியர்ஸ் அவுட் டு டிரை’, ‘குட்பை’ ஆகிய மூன்று பாட்டுகள் அந்த ஆல்பத்திலும் உண்டு, ரான்ஸ்டட்டின் ஆல்பத்திலும் உண்டு. அரேஞ்சர் ஒரே ஆள், இடையில் 25 வருடம். பழைய தாளை எடுத்து ஸ்ருதி மாற்றிக் கொடுத்திருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ரிடில் புதிதாக எழுதினார். எழுதத்தான் வேண்டியிருந்தது. ஆண் குரல் நின்ற இடத்துக்குக் கீழே செல்லோக்களையும் டிராம்போன்களையும் வைத்திருந்தார். பெண் குரல் மேலே ஏறினால் வயலின்கள் நடமாடும் உயரத்திலேயே போய் நிற்கும். வாத்தியமும் குரலும் இடித்துக்கொள்ளும். யாருக்கு எங்கே இடம் என்பதை முதலிலிருந்து தீர்மானித்தாக வேண்டும்.

ரிடிலின் கைவேலை என்ன என்று கேட்டால் நான் சொல்வது இடைவெளிதான். குரல் பாடும்போது வாத்தியங்கள் அதே மெட்டைக் கூட வாசிப்பதில்லை. அடியில் மெத்தென்று விரிந்து கிடக்கும். குரல் ஒரு வரியை முடித்து மூச்சு வாங்குகிற அந்த ஓரிரு விநாடியில் ஒரு புல்லாங்குழலோ, அடைப்பு வைத்த டிரம்பெட்டோ ஒரு சின்னச் சொற்றொடரைச் சொல்லிவிட்டு நகரும். வரி முடிந்து அடுத்த வரி வரும்வரை அந்தப் பெண்ணின் மனசில் ஓடுவதை அது சொல்கிறது. பாட்டின் உச்சம் ஒன்றே ஒன்றுதான். அதை முக்கால்வாசியில் வைப்பார். அங்கே ஆர்கெஸ்ட்ரா முழுக்கத் திறந்து, உடனே அடங்கிவிடும்.

இந்த ஏற்பாட்டில் ரான்ஸ்டட்டின் நேர்க்குரலுக்கு வீடு கிடைத்தது. அவர் மெட்டை வளைக்கத் தேவையே இல்லை. சுற்றிலும் உள்ள வாத்தியங்கள் சந்தேகத்தையும் தயக்கத்தையும் பார்த்துக்கொண்டன. அவர் சொல்லைச் சொல்லாகச் சொன்னால் போதும். ஆல்பம் முழுக்க மெதுவான பாட்டுகளையே தேர்ந்தெடுத்ததும் இதனால்தான் என்று நினைக்கிறேன். தாளத்தோடு ஊஞ்சலாடும் ஸ்விங் பாட்டுகள் அவருக்கு அவ்வளவாக வராது. அடுத்தடுத்த ஆல்பங்களில் வேகம் கூடிய பாட்டுகளைக் கேட்டால் இது தெரியும். குரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் தாளத்தின் மேல் சவாரி செய்யவில்லை. ஜாஸ் ரசிகர்கள் அவரைக் குறை சொன்னது இந்த இடத்தில்தான். அதில் நியாயம் உண்டு. மெதுவான பாட்டில் அந்தக் குறையே குணமாகிவிடுகிறது: சொல்ல வெட்கப்படுகிற ஒன்றை ஒருவர் அலங்காரம் இல்லாமல் சொல்லும்போது நாம் நம்பிவிடுகிறோம்.

ராக் பாடகருக்கு இதில் இன்னொரு சிரமம் உண்டு. அவர்களுக்கு டிரம்ஸ் காலத்தைப் பிடித்துக்கொள்ளும். பாடகர் அதன்மேல் ஏறிக்கொள்ளலாம். மெதுவான ஸ்டாண்டர்டு பாட்டில் காலம் இழுபட்டுச் சுருங்கும். பாடகரின் மூச்சைப் பார்த்து நடத்துநர் கையை இறக்குவார், நாற்பதுக்கு மேற்பட்ட வாத்தியக்காரர்கள் அதைப் பார்த்து இறங்குவார்கள். ஒரு சொல்லின் கடைசி எழுத்தை எவ்வளவு நேரம் வைத்திருப்பது, எங்கே விடுவது என்பதெல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரியும். ராக்கில் மறைந்துபோகிற சின்னச் சின்ன ஸ்ருதி விலகல்கூட இங்கே ஒளிய இடம் இல்லாமல் நிற்கும். இளம் பாடகர்கள் இந்தப் பாட்டுகளை எளிது என்று நினைத்து வந்து மாட்டிக்கொள்வது இங்கேதான். தயாரிப்பாளர் பீட்டர் ஆஷரும் ஒலிப்பதிவாளர் ஜார்ஜ் மாசன்பர்க்கும் குரலை வாத்தியங்களுக்கு முன்னால், ஆனால் அவற்றின் அறைக்குள்ளேயே இருப்பதுபோல வைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் இது நன்றாகத் தெரியும்.

ஆல்பம் என்ன ஆயிற்று? கம்பெனி பயந்த எதுவும் நடக்கவில்லை. அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போயிற்று. முன்னால் இருந்தவை மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’, லயனல் ரிச்சியின் ‘கான்ட் ஸ்லோ டவுன்’. அமெரிக்காவில் மட்டும் 30 லட்சத்துக்கு மேல் விற்றது. ரிடிலுக்கு வாத்திய அமைப்புக்காக கிராமி விருது கிடைத்தது. 1984இல் ‘லஷ் லைஃப்’ வந்தது. மூன்றாவது ஆல்பத்துக்கான வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1985 அக்டோபரில் ரிடில் இறந்துபோனார். அது 1986இல் ‘ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்’ என்று வெளிவந்தது. ‘லஷ் லைஃப்’ ஆல்பத்துக்காக அவருக்கு இன்னொரு கிராமி அவர் மறைவுக்குப் பின் வந்தது. தொழிலே முடிந்துவிட்டது என்று இருந்த ஒருவருடைய கடைசி மூன்று வருடம் இப்படி அமைந்தது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி. அந்த ராக் பாடகி போய்க் கதவைத் தட்டியிருக்காவிட்டால் அந்த மூன்று ஆல்பமும் இல்லை.

இனி பணம் பற்றி. ‘சுலபமாகச் சம்பாதிக்கத்தான் பழைய பாட்டைப் பாடுகிறார்கள்’ என்பது முழு உண்மை இல்லை. அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளிவந்துவிட்ட பாட்டை யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். உரிமையாளர் மறுக்க முடியாது, நிர்ணயித்த தொகையைக் கட்டினால் போதும். 1909இல் அந்தத் தொகை ஒரு பிரதிக்கு, ஒரு பாட்டுக்கு 2 சென்ட். ஏறத்தாழ எழுபது வருடம் அப்படியே கிடந்தது. 2023இல் 12 சென்ட். இந்தப் பணம் பாட்டை எழுதியவருக்கும் அவருடைய பதிப்பகத்துக்கும் போகிறது. தன் பாட்டைத் தானே எழுதும் பாப் நட்சத்திரம் கவர் ஆல்பம் செய்தால், அந்த வருமானத்தை இழக்கிறார். அதன்மேல் முழு ஆர்கெஸ்ட்ராவுக்குச் சம்பளம்.  இன்னொன்று: அந்த அமெரிக்கச் சட்டம், பாடுகிறவர் தன் பாணிக்கு ஏற்ப வாத்திய அமைப்பை மாற்றிக்கொள்ள இடம் தருகிறது, அடிப்படை மெட்டைக் கெடுக்கக் கூடாது, அவ்வளவே. இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பிறகு, முதல் பதிவு வந்த வருடம் முடிந்து ஐந்து வருடம் கழித்துத்தான் சட்டப்படியான கவர் உரிமம் கோரலாம். அதிலும் உரிமையாளர் சம்மதம் இல்லாமல், தொழில்நுட்பத் தேவைக்கு மேல் மாற்றக்கூடாது. லீ வைலி செய்ததுபோல ஒரு பாட்டின் குணத்தைப் புரட்டிப் போடும் மரபு இங்கே வளராததற்கு இந்த விதி மட்டும் காரணம் இல்லை. ஆனால் வளர அது உதவவும் போவதில்லை.

எது தேறும் என்ற கேள்விக்கு என் அளவுகோலைச் சொல்லிவிட்டேன்: பாடகரின் குரலுக்கு எது வரும், எது வராது என்று தெரிந்து, அதற்கு ஏற்ப வாத்தியங்களை ஒரே கை எழுதியிருக்கிறதா? அப்படிப் பார்த்தால் வில்லி நெல்சனின் ‘ஸ்டார்டஸ்ட்’, 1978, முதல் வரிசையில் வருகிறது. நாட்டுப்புற கன்ட்ரி பாடகர். அவர் கம்பெனிக்கும் இதில் நம்பிக்கை இல்லை. அரேஞ்சர், தயாரிப்பாளர் இரண்டுமே புக்கர் டி. ஜோன்ஸ். பெரிய ஆர்கெஸ்ட்ரா இல்லை. தன் சொந்தக் குழு, அக்கா பாபியின் பியானோ, மிக்கி ரஃபேலின் ஹார்மோனிகா, ஓட்டை விழுந்த தன் பழைய கிட்டார். நெல்சன் தாளத்துக்குப் பின்னால் சோம்பலாக நடந்துவந்து கடைசி நொடியில் சேர்ந்துகொள்வார். அந்த நடைக்கு இந்தப் பாட்டுகள் எழுதப்பட்டதுபோலவே இருக்கும். கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் அது கிட்டத்தட்ட பத்து வருடம் இருந்தது.

அதற்கும் முன்னால், 1973இல், அமெரிக்க பாப் பாடகர் ஹாரி நில்சன் ‘எ லிட்டில் டச் ஆஃப் ஷ்மில்சன் இன் தி நைட்’ செய்தார். அரேஞ்சர் கார்டன் ஜென்கின்ஸ். மேலே சொன்ன ‘குட்பை’ பாட்டை எழுதியவர், சினாட்ராவுக்கும் ஆல்பங்கள் அமைத்தவர். விற்பனை சுமார்தான். ஆனால் நில்சனின் குரல் உடைந்துபோகும் முன் இருந்த மென்மை முழுக்க அதில் இருக்கிறது. ரான்ஸ்டட் நடந்த பாதையை முதலில் வெட்டியவர் இவர் என்று சொல்லலாம்.

பாப் டிலனின் ‘ஷாடோஸ் இன் தி நைட்’, 2015, என்னைப் பொறுத்தவரை ஆச்சரியம். பத்துப் பாட்டும் சினாட்ரா பாடியவை. கேப்பிட்டல் ஸ்டூடியோவிலேயே, ஐந்து பேர் கொண்ட குழுவோடு, ஹெட்ஃபோன் இல்லாமல் ஒரே அறையில் நேரடியாகப் பதிவு செய்தார். வயலின்கள் செய்யும் வேலையை ஒரு பெடல் ஸ்டீல் கிட்டாரிடம் கொடுத்துவிட்டார். எழுபது வயதைத் தாண்டிய அந்தக் கரகரத்த குரல் ஒவ்வொரு சொல்லையும் தேடித் தேடி வைக்கிறது. குரல் வளம் இல்லாதவர் இந்தப் பாட்டுகளைப் பாடலாமா என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

ராட் ஸ்டூவர்ட்டின் ‘கிரேட் அமெரிக்கன் சாங்புக்’ வரிசை இவற்றையெல்லாம்விட அதிகமாக விற்றது. 2002இல் தொடங்கி 2010 வரை ஐந்து ஆல்பம். மூன்றாவது முதலிடத்துக்கே போய், கிராமியும் வாங்கியது. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த ஆல்பங்களில் எல்லாப் பாட்டும் ஒரே மிதமான வேகத்தில், ஒரே பதமான பளபளப்பில் போகின்றன. துக்கப் பாட்டும் உல்லாசப் பாட்டும் ஒன்றாகக் கேட்கின்றன. நீங்கள் ‘சரக்கு தீர்ந்துவிட்டதா’ என்று கேட்டது இந்த மாதிரி ஆல்பங்களை மனதில் வைத்து என்றால், நான் மறுக்க மாட்டேன். லேடி காகா டோனி பென்னட்டோடு சேர்ந்து பாடிய ‘சீக் டு சீக்’, 2014, வேறு ரகம். அதில் 88 வயதை நெருங்கிய பென்னட் எப்படிச் சொல்லைக் குறைத்துக் குறைத்துப் பாடுகிறார், இளையவர் எப்படி வாரிக் கொடுக்கிறார் என்று ஒப்பிட்டுக் கேட்பதே பாடம்.

கேட்கத் தொடங்குவது என்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் சினாட்ராவின் 1958 ‘வாட்ஸ் நியூ’. உடனே ரான்ஸ்டட்டின் 1983 ‘வாட்ஸ் நியூ’. இரண்டிலும் வரிகளைக் கவனிக்காமல், குரல் நிற்கிற இடைவெளிகளில் என்ன வாத்தியம் வருகிறது என்று மட்டும் பாருங்கள். பிறகு நடுவில் மெட்டு மேலே ஏறுகிற அந்த எட்டுப் பார்: சினாட்ரா அங்கே எவ்வளவு அடக்குகிறார், ரான்ஸ்டட் எவ்வளவு திறக்கிறார் என்று பாருங்கள். அதற்கப்புறம் ‘குட்பை’ பாட்டை அதே மாதிரி இருவரிடமும் கேளுங்கள். அது முடிந்தால் நெல்சனின் ‘ஸ்டார்டஸ்ட்’ ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை, இடையில் நிறுத்தாமல், இரவில் போடுங்கள்.